அறுபத்துமூன்று வீடும் ஒரு ரைட் கிளிக்கும்

இரண்டாவது மிஷினிலும் இல்லை. மூன்றாவது மிஷினில் ஏதோ பையன் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை எழுப்பிவிட்டு அதிலும் திறந்து பார்த்தாள் சிநேகா. "ஜமாபந்தி" என்ற மஞ்சள் ஃபோல்டர் இருந்த இடம் துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது.

நாளைக் காலை பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி. வருஷத்துக்கு ஒருமுறை மேலதிகாரி நேரில் உட்கார்ந்து மனு வாங்குகிற நாள். காலனியில் அறுபத்துமூன்று குடும்பத்துக்கு வீட்டுமனைப் பட்டா கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் யார் பேர், ரேஷன் கார்டு நம்பர், எத்தனை வருஷ வாசம், நாலு பக்கமும் என்ன எல்லை என்று எல்லாம் அந்த ஃபோல்டருக்குள்தான் இருந்தது. அதை உண்டாக்கியவள் அதே காலனி மேரியக்கா. கூடுவாஞ்சேரியில் டேட்டா என்ட்ரி கம்பெனியில் வேலை. "கம்ப்யூட்டர்ல வெச்சா கம்ப்யூட்டரோட போயிடும்டி, இன்டர்நெட்ல வெப்போம். நான் அங்க இருந்து ஏத்தறேன், நீ இங்க இருந்து ஏத்து" என்று சொல்லி, காலனி சங்கத்தின் பேரில் ஒரே ஐடியும் பாஸ்வேர்டும் போட்டுக் கொடுத்திருந்தாள்.

இன்று மத்தியானம் சிநேகா திருக்கழுக்குன்றம் பிரவுசிங் சென்டருக்கு வந்து, மிச்சமிருந்த மூன்று வீட்டையும் ஏற்றினாள். மூன்று நாற்பதுக்கு மேரிக்குப் போன் போட்டு "முடிச்சிட்டேன்க்கா" என்றும் சொன்னாள். இந்தக் கடையில் பிரிண்டர் ரிப்பேர். ஷிப்ட் முடித்து ரயிலில் வரும் மேரி செங்கல்பட்டில் இறங்கிப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் கடைச் சுவரில், கடைக்காரர் கிரிதர் கையாலேயே எழுதி ஒட்டிய அட்டை இருந்தது: "வேலை முடிந்ததும் உங்கள் ஃபைலை அழித்துவிட்டுச் செல்லவும்." போன வருஷம் யாரோ ஒரு பெண்ணின் போட்டோவை இதே கடையிலிருந்து பையன்கள் எடுத்துக்கொண்டு போனதிலிருந்து, காலனிப் பெண்பிள்ளைகள் எல்லோரும் அந்த அட்டைக்குக் கட்டுப்பட்டவர்கள். திரையில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்பதுதான் அவர்கள் அறிந்த கம்ப்யூட்டர். ஊர்க்காரர்களின் ரேஷன் கார்டு நம்பரைக் கண்டவன் கையில் விட்டுப் போவதா? பொறுப்பான பிள்ளையாக ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் பண்ணி, டெலிட்டை அமுக்கினாள். எழுந்த பிறகு வடக்கெல்லை ஒன்றில் சந்தேகம் வர, பக்கத்து மிஷினில் திறந்தாள். அங்கேயும் ஃபோல்டர் இல்லை; ஒரு பெட்டியில் அழித்தது எல்லா இடத்திலும் போய்விட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த சங்கத் தலைவர் சடையப்பன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, முடிஞ்சிச்சா?"

"காணோம் மாமா."

"இன்னாது காணோம்?"

"லிஸ்டு. ஃபோல்டரோட காணோம்."

"யாரு கை வெச்சது?"

"தெரியல மாமா" என்று வந்துவிட்டது. அவர் டீ கிளாஸைப் படியில் வைத்துவிட்டு, சங்கத்துக்காரர்களுக்குப் போன் போட வெளியே ஓடினார்.

சிநேகா மேரிக்குப் போட்டாள். ரயிலின் தடதடப்புக்கு நடுவே "சுண்டல், சுண்டல்" என்று யாரோ கூவுவது கேட்டது.

"அக்கா, எல்லாம் போச்சுக்கா! யாரோ அழிச்சிட்டாங்க!"

"மொதல்ல அழுவாத. அழுதா ஸ்கிரீன் தெரியாது. உக்காந்துகினியா?"

"ம்."

"இடது பக்கம் மேல இருந்து கீழ வரிசையா எழுதிக்கீது பாரு. கட்டக்கடைசியில டிராஷ்னு ஒண்ணு இருக்கும். அதைத் தட்டு."

தட்டினாள். பட்டப்பகலில் காணாமல் போன ஆடு பக்கத்துத் தெருவில் நிற்கிற மாதிரி, மஞ்சள் ஃபோல்டர் அங்கே நின்றது.

"கீதுக்கா! அப்படியே கீது!"

"தெரியும். குப்பைக்குப் போனது எரிஞ்சி போவல. இப்ப கவனி. அது மேல வெச்சி ரைட் கிளிக் பண்ணு. பட்டை விரிஞ்சதும் மவுஸ்ல இருந்து கையை எடுத்துடு."

"எதுக்குக்கா?"

"பயந்த கை தானா ஓடும்டி. அதுக்குக் கண்ணு கெடையாது. எடுத்துட்டியா? இப்ப ரெண்டு வரி தெரியும். மேல ரீஸ்டோர். கீழ டெலிட் ஃபாரெவர். சரியா?"

சரியாக இருந்தது. சிநேகாவுக்கு மயிர் கூச்செறிந்தது. எங்கோ மறைமலைநகர் பக்கம், ஆள் இடிக்கிற பெட்டியில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள், இங்கே இருக்கிற திரையை வரி தப்பாமல் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சாரே மெனு விரிந்தால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் தேடுவார். காலனியில் முதன்முதலாக மாதச் சம்பளத்துக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பெண் மேரியக்கா. அவள் மாதிரி வரவேண்டும் என்றுதான் சிநேகா ப்ளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப்பையே எடுத்திருந்தாள்.

"கீழ் வரி பக்கம் போனா அவ்ளோதான். நானே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. மேல் வரி. மெதுவா."

இரண்டு வரிக்கும் நடுவே ஒரு விரற்கடைகூட இல்லை. மவுஸோ பழசு, உருளை தேய்ந்து அம்பு தத்தித் தத்திப் போனது. சிநேகா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அம்பு கீழ் வரியில் ஒருமுறை இடறியது. மூச்சை அடக்கி மேலே தள்ளினாள். அமுக்கினாள்.

குப்பை காலியானது. பழைய இடத்தில் ஃபோல்டர் உட்கார்ந்திருந்தது. திறந்தாள். அறுபத்துமூன்றாவது வரிசை வரை இறங்கிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது.

"வந்துடுச்சுக்கா! நீ மட்டும் இல்லன்னா..."

"சரி சரி, அப்புறமா கோயில் கட்டு. டிராஷ்ல இருந்தப்ப பக்கத்துல டைம் போட்டிருந்ததே, பாத்தியா?"

பார்த்திருந்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. "மூணு அம்பத்திரண்டு."

முடித்ததாகப் போன் போட்டுப் பன்னிரண்டாவது நிமிஷம்; சிநேகா இன்னும் மிஷின் முன்னால் இருந்த நேரம். "சரி, பரனூர் வரப்போவுது, அடுத்த ஸ்டேஷன்ல எறங்கணும். வெச்சிடு" என்றாள் மேரி.

பொழுது சாய மேரி பஸ்ஸை விட்டு இறங்கியபோது, கையில் கவருக்குள் மடங்காத பிரிண்ட். காலனி முனையில் இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். சடையப்பன் வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"நீ புள்ள இல்ல மேரி, சிங்கம்! ரயில்ல நின்னுகினே மீட்டுட்டியே!" என்று சத்தம் போட்டார். கூட்டம் சிரித்தது. பிறகு அவர் குரல் மாறியது. "ஆனா எவன் கை வெச்சான்னு தெரியணும். வேணும்னே செஞ்சவன் எவனோ நம்ம உள்ளதான் கீறான். இன்னிக்குத் தெரியாம வுட மாட்டேன்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிநேகா ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"நான்தான் தலைவரே" என்றாள் மேரி.

"இன்னாது?"

"வேலைய முடிச்சிட்டுக் கெளம்பற அவசரத்துல கை தவறி அமுக்கிட்டேன். யாரையும் சந்தேகப்படாதீங்க."

கூட்டத்தில் சலசலப்பு. "அடி இவள, இவளே ஒடச்சி இவளே ஒட்டவெச்சாளாமே!" என்று யாரோ ஒரு அம்மாள் நொடித்தாள்.

சடையப்பன் தாள்களைத் தட்டி அடுக்கினார். "படிச்ச புள்ளைன்னு நம்பினோம். சரி, போவட்டும். நாளைக்கு ஆபீசர் முன்னாடி நீ பேச வேணாம். நம்ம சங்கத்து ஞானதாஸ் பேசட்டும்."

மேரி தலையாட்டினாள். மூன்று மாதமாக அந்தப் பேச்சை ரயிலில் மனசுக்குள் ஒத்திகை பார்த்ததாக அவளே சிநேகாவிடம் சொல்லியிருக்கிறாள்.

கூட்டம் கலைந்தது. இரண்டு பேரும் ஒரே சந்தில்தான் போகவேண்டும். சிநேகா நாலடி பின்னால் நடந்தாள். வீட்டு வாசலில் மேரி நின்றாள். செருப்பைக் கழற்றாமல், திரும்பாமல் கேட்டாள்.

"தலைவருக்குப் பயந்த, சரி. போன்ல நானும் நீயும்தானே இருந்தோம்? என்கிட்ட பயப்படற அளவுக்கு நான் இன்னாடி பண்ணிட்டேன்?"