சாப்பாட்டின் புள்ளி

வெள்ளவத்தையில் பாலேஸ்வரி சந்தேகப்படாத ஒரு பொருள் இருந்தால் அது அவருடைய சொந்தப் பருப்புக் கறி மட்டும்தான். மரக்கறிக்காரர் கீரையில் ஒரு கட்டு கூடுதலாகப் போட்டால் உள்ளே புழு இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பார். பஸ் கொண்டக்டர் சிரித்தால் கைப்பையைத் தடவிப் பார்ப்பார். இப்படிப்பட்டவர் மகளின் பெயரில் 'மிதுனா சாப்பாடு' என்று வாடகை வீட்டின் முன்னறையில் மதியச் சாப்பாட்டுக் கடை போட்டு, சனத்தை நம்பி நான்கு வருடம் நடத்தியதே பெரிய விடயம்.

அந்த முன்னறைக்கும் இப்போது ஆபத்து வந்திருந்தது. வீட்டுக்காரர் வருட முடிவில் அதைத் திருப்பிக் கேட்டிருந்தார். நல்லகாலத்துக்கு, கொள்ளுப்பிட்டியில் மிதுனா வேலைபார்க்கும் கம்பனி தன் கன்டீனை நடத்த ஆள் தேடியது. பாலேஸ்வரிக்கும், அதே ஒழுங்கையின் முடிவில் 'சிவம் மீல்ஸ்' நடத்தும் சிவபாதசுந்தரத்துக்கும் அழைப்பு. வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் பரிமாற வேண்டும். பரிமாறுகிறவர்கள் கடைப் பெயர் போட்ட ரீசேட் அணிய வேண்டும். ஊழியர்கள் பிடித்த கடையின் பெயரைத் துண்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். வென்றவருக்குக் கன்டீன். தோற்றால் பாலேஸ்வரிக்கு அடுப்பு வைக்கவும் இடமில்லை.

மிதுனா துண்டு போடக் கூடாது என்று சிவபாதசுந்தரம் முன்கூட்டியே கம்பனிக்குக் கடிதம் எழுதிவிட்டார். சந்தேகத்தில் அவரும் லேசுப்பட்ட ஆளில்லை.

ரீசேட்டுக்காகப் பாலேஸ்வரி கொட்டாஞ்சேனைக்குப் போனார். வெள்ளவத்தையில் செய்தால் விடியமுன்னம் ஊருக்கே தெரிந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. ரிம்ஸானின் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. உள்ளே ஒரு தையல் மெசின் தன்பாட்டில் யாருடையவோ பெயரைத் தைத்துக்கொண்டிருந்தது.

"மூணு விதமாச் செய்யலாம் அன்ரி," என்றான் ரிம்ஸான். "மையால அடிக்கிற பிரின்ட். நூலால தைக்கிற எம்ப்ரொய்டரி. மற்றது சூட்டில ஒட்டுறது, அது மெச் ஜேர்சிக்கு நம்பர் போடத்தான் நல்லம். உங்களுக்கு பிரின்ட் போதும்."

"எது விலை கூட?"

"எம்ப்ரொய்டரி."

"அப்ப ஏன் தம்பி மலிஞ்சதை என்ர தலையில கட்டப் பாக்கிறியள்?"

ரிம்ஸான் சிரித்தான். சிரித்தது பிழையாகப் போய்விட்டது. பாலேஸ்வரி கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"தமிழ் எழுத்து அன்ரி. நெஞ்சில சின்னதாத் தைச்சா சுழியெல்லாம் மூடிரும். புள்ளி நிக்கிறதும் கஷ்டம். பிரின்ட் எண்டா எழுத்து தெளிவா விழும்."

அந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய கண் மேல் தட்டுக்குப் போனது. அங்கே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டு ரீசேட். நெஞ்சில் வெள்ளை மையில் 'சிவம் மீல்ஸ்'.

"இவருக்கும் நீங்கள்தானோ செய்யிறது?"

"ஆர் வந்தாலும் செஞ்சி குடுப்பேன். கடைதானே."

பாலேஸ்வரிக்கு எல்லாம் வெளித்துவிட்டது. சிவபாதசுந்தரம் முந்திக்கொண்டு வந்து இவனுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு கடைக்கும் ஒரேமாதிரி பிரின்ட் போட்டால் சனம் ஆளை மாறி எழுதும். முதல் தோய்ச்சலோடு இவருடைய எழுத்து மட்டும் வெடித்து உதிரும். அதற்குத்தான் இந்தக் கரிசனை.

"எம்ப்ரொய்டரி," என்றார். "பச்சைத் துணி, வெள்ளை நூல். பன்னிரண்டு. இங்கிலீசு வேண்டாம். 'மிதுனா சாப்பாடு' எண்டு தமிழில."

"புள்ளி..."

"அந்தப் புள்ளியையும் சேத்துத்தான் சொல்லுறன் தம்பி."

புதன்கிழமை ரிம்ஸான் வட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். மெசினில் இருக்கும்போதே எடுத்த படம். பாலேஸ்வரி அதைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, தலைகீழாகவும் பார்த்தார். எழுத்து எழுத்தாக நின்றது. 'ப்' தலையில் கடுகளவு புள்ளியும் இருந்தது.

"பாத்தியே, நிக்காது எண்டான்," என்று மகளுக்குக் காட்டினார். "நான் விட்டுக்குடுத்திருந்தால்?"

"அம்மா, அந்தப் பெடியன் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பான்."

"நல்லதுக்குச் சொல்லுறவை ஏன் சிரிச்சுக்கொண்டு சொல்லுகினம்?"

மிதுனா இந்தக் கேள்வியைக் கேட்பது இது முதல்தடவையில்லை. இருபத்தாறு வருடமாகக் கேட்கிறாள்.

வியாழன் காலை பார்சல் வந்தது. பாலேஸ்வரி கத்தரிக்கோலால் பையை வெட்டி, முதல் ரீசேட்டை விரித்து, கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார்.

'மிதுனா சாபபாடு.'

பன்னிரண்டையும் விரித்தார். பன்னிரண்டிலும் அதேதான். வேறொரு எழுத்திலும் குறை இல்லை. புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு மூன்று ஊசித் துளை.

"பிள்ளை, இதை வாசி."

மிதுனா வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். "சாப... பாடு." அவளுக்குச் சிரிப்பு வந்தது. தாயின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள்.

"சாபம். பாடு. உன்ர பேருக்குப் பக்கத்தில. படத்தில இருந்த புள்ளி எங்க போனது? துளையைப் பார். ஊசி குத்தியிருக்கு."

"எம்ப்ரொய்டரி எண்டா ஊசி குத்தத்தானே அம்மா வேணும்."

"பேரை எழுதி ஊசி குத்துறது ஆர் செய்யிற வேலை எண்டு எனக்குத் தெரியும். மாத்தளனில இருந்து சூனியக்காரனைக் கூப்பிட்டு வேலிக்குள்ள தேசிக்காய் வைச்ச குடும்பம் அந்தச் சிவபாதசுந்தரத்தின்ர."

"அது அவையின்ர வேலி அம்மா. தேசிக்காயும் அவையின்ர மரத்தில இருந்து விழுந்தது."

இப்படியான சின்ன விபரங்கள் பாலேஸ்வரியை ஒருநாளும் தடுத்ததில்லை. அவர் பன்னிரண்டு ரீசேட்டையும் பையில் அடைத்து ஓட்டோவில் ஏறினார். வழி முழுக்க ஓட்டோக்காரர் கண்ணாடிக்குள்ளால் தன்னையே பார்ப்பதாகவும் அவருக்குப் பட்டது.

ரிம்ஸான் மேசையில் ரீசேட்டை விரித்துப் பார்த்து, தலையில் கை வைத்தான்.

"நான் தைச்சேன் அன்ரி. படம் அனுப்பினேனே."

"அதைத்தான் நானும் கேக்கிறன். தைச்ச புள்ளியைக் கழட்ட ஆர் சொன்னது? உண்மையைச் சொல்லுங்கோ. நான் கத்தமாட்டன்."

அவர் அப்போதே பக்கத்துக் கடைக்குக் கேட்கும்படிதான் கதைத்துக்கொண்டிருந்தார்.

ரிம்ஸான் ரீசேட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனான். பாலேஸ்வரியும் பின்னாலேயே போனார். அங்கே குசுமா என்ற பெண் நிலத்தில் இருந்து, மெசினில் இருந்து வந்த துணிகளின் மிச்ச நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். எழுத்துக்கு எழுத்து மெசின் தாவும்போது இடையில் நூல் தொங்கும். அதை வெட்டித் துப்புரவாக்குவதுதான் அவர் வேலை. ரிம்ஸான் சிங்களத்தில் ஏதோ கேட்டு, 'ப'வின் தலையைத் தொட்டுக் காட்டினான்.

குசுமா பெருமையாகத் தலையாட்டினார். "மம ஹித்துவே ஏக நூல் கெட்டயக் கியலா."

நூல் முடிச்சு என்று நினைத்தாராம். அதுவும் சும்மா நினைக்கவில்லை. எழுத்துக்குமேலே தனியாக ஒரு நூல் கட்டி நின்றால் வாங்குகிறவர்கள் குறை சொல்வார்களே என்று, ஒவ்வொன்றையும் ஊசியால் கிளப்பி, வெட்டி, வேர் தெரியாமல் பிடுங்கியிருக்கிறார். பக்கத்தில் இருந்த ரின் பேணியைச் சரித்துக் காட்டினார். பலநிற நூல் குப்பைக்குள் கடுகுபோல வெள்ளையாகச் சில கிடந்தன.

பாலேஸ்வரி குனிந்து பொறுக்கினார். பதினொன்று.

"ஒண்டு குறையுது," என்றார்.

"அன்ரி, அது காத்தில போயிருக்கும்."

"சிவபாதசுந்தரத்திட்டப் போகயில்லைதானே?"

"அவர் புள்ளியக் கொண்டுபோய் என்ன செய்வார் அன்ரி?"

யோசித்துப் பார்த்தும் அதற்கு ஒரு பயன்பாடு பாலேஸ்வரிக்கு அகப்படவில்லை. குசுமாவைப் பார்த்தார். குசுமா இன்னும் பாராட்டை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் வாசிக்கத் தெரியாத மனுசி சூனியம் வைத்திருக்க முடியாது என்று பாலேஸ்வரி ஒப்புக்கொண்டார். முழுமனதோடு அல்ல.

"நாளைக்கு மத்தியானம் பரிமாற வேணும் தம்பி. திரும்பத் தைப்பியளோ?"

"அதே இடத்தில திரும்பக் குத்தினா துணி கிழியும்." ரிம்ஸான் ஒரு பெட்டியைக் கிளறினான். "ஒட்டலாம். சூட்டில. நீங்க வேணாம் எண்டு விட்ட மற்றது. ஆனா ஷீட் சிவப்புத்தான் மிச்சம் இருக்கு."

வேண்டாம் என்று ஒதுக்கியதே திரும்பி வருவதில் ஏதோ இருக்கிறது என்று பாலேஸ்வரியின் மனம் ஒருதரம் சொன்னது. மணிக்கூட்டைப் பார்த்து அதன் வாயை அடைத்தார். ரிம்ஸான் சிவப்புத் தாளில் பன்னிரண்டு சின்ன வட்டம் வெட்டி, ஊசித் துளைகளுக்குமேல் வைத்து, சூடான தட்டால் அழுத்தினான். ஒவ்வொன்றும் வெளியே வந்தவுடன் பாலேஸ்வரி நகத்தால் கிளப்பிப் பார்த்தார். நான்காவது கையோடு வந்துவிட்டது.

"பாத்தியளே."

"சூடு ஆறமுந்தி உரிச்சா எதுவும் வரும் அன்ரி. கையக் கட்டிக்கொண்டு இருங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ சொன்னதைக் கேட்டு அவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். எட்டு ரீசேட்டுக்கு மட்டும்தான். ஆனாலும் இருந்தார்.

வெள்ளிக்கிழமை கன்டீனில் ஒரு பக்கம் செம்மஞ்சள் நிறத்தில் ஆறு பேர், மறுபக்கம் பச்சையில் ஆறு பேர். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. சாப்பாட்டுக் கோப்பையோடு வந்த கணக்குப் பிரிவுக்காரி ஒருத்தி பரிமாறுகிறவரின் நெஞ்சைப் பார்த்து நின்றாள்.

"அதென்ன சிவப்பா?"

பாலேஸ்வரி அகப்பையைக் கீழே வைத்தார். தாய்க்குத் துணையாக வந்து நின்ற மிதுனா முந்திக்கொண்டாள். "செத்தல் மிளகாய். உறைப்பு எப்பிடி எண்டு சாப்பிட்டுச் சொல்லுங்கோ."

அது வரிசையில் பரவியது. பெயர் மறந்த சிலர் துண்டில் 'சிவப்புப் புள்ளி' என்றே எழுதியிருந்தார்களாம். அவற்றை எண்ணலாமா என்று சிவபாதசுந்தரம் ஆட்சேபித்தார். அவை இல்லாமலே பச்சைப் பக்கம் வென்றுவிட்டது. மனேஜர் பாலேஸ்வரியிடம் கன்டீன் பூட்டின் திறப்பைத் தந்தார். அவர் அதை வாங்கி, இதற்கு இன்னொரு திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.

கீழே இறங்கும்போது லிஃப்ட்டுக்குள் சிவபாதசுந்தரம் நின்றார்.

"நல்ல வடிவாயிருக்கு உங்கட ரீசேட். அந்தச் சிவப்புப் புள்ளி எங்க போட்டனீங்கள்?"

"புறக்கோட்டையில," என்றார் பாலேஸ்வரி. "கடைப் பேர் ஞாபகம் இல்லை. உள்ளுக்க நிறைய நடக்க வேணும்."

லிஃப்ட் நிலமாடியில் நின்றது. சிவபாதசுந்தரம் நன்றி சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். பாலேஸ்வரி அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்று, பையைத் திறந்து, திறப்பு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கழற்றி வாங்கிய ஆறும் மாற்றுக்கு வைத்திருந்த ஆறுமாகப் பன்னிரண்டு ரீசேட்டையும் எடுத்து, புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.