இரட்டையில் ஒரு கன்று

“மாட்டுக்கு எண்ணத் தெரியுமா, மாலகி?”

அப்படிக் கேட்டபோது ப்ரீடாவுக்கு ஏழு வயது. ராஸ்காமன் மாவட்டத்து வயல்களில் மழை ஓயாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மார்ச் மாதக் காலை. பக்கத்துப் பண்ணை மாலகி, பிறந்து சில மணி நேரமே ஆன கன்று ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு அவர்கள் கொட்டிலுக்குள் வந்து நின்றார். அவருடைய பசு இரட்டைக் கன்று ஈன்றிருந்தது. ப்ரீடா வீட்டுச் செவலைப் பசுவுக்கோ முந்தின நாள் கன்று செத்துப் பிறந்திருந்தது. அப்பா இல்லாத வீடு. அக்டோபர் சந்தையில் கசாப்புக்காரர் கீவனிக்கு விற்கும் ஒரே கன்றில்தான் குளிர்காலத்துக்குக் கரியும் காலணியும் வர வேண்டும்.

“எண்ணத் தெரியாது கண்ணு. மோந்து பாக்கத்தான் தெரியும்,” என்றார் மாலகி.

செத்த கன்றின் தோலை உரித்து, கொண்டுவந்த கன்றுக்குச் சட்டை மாதிரி மாட்டி, வயிற்றுக்கடியில் சணல் கயிற்றால் முடிந்தார். செவலை மோந்தது. ஒரு உதை விட்டது. மறுபடி மோந்தது. பிறகு நக்கத் தொடங்கியது.

“இதுக்கு நான் என்ன தரணும்?” என்றாள் அம்மா.

“என் மாட்டுக்கு ஒரு வாய்க்குத்தான் பால் இருக்கு, நோரீன். ஒரு டீ போட்டுக் குடு, போதும். போன தடவ குடுத்தியே, குட்டைத் தண்ணி மாதிரி, அது வேணாம்.”

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

கோடை முழுவதும் கன்று ப்ரீடாவின் பின்னாலேயே திரிந்தது. சந்தையில் ஏலக் கம்பி வளையத்துக்குள் அது பளபளவென்று சுற்றி வந்தபோது அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“மூக்கத் தொடச்சுக்க,” என்று மாலகி மிட்டாய் ஒன்றைக் கையில் திணித்தார். “நீ அழுறதப் பாத்து, கன்னுக்கு ஏதோ சீக்குன்னு கீவனி வெலயக் கொறச்சுருவான்.”

நாற்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது. மாலகிக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பசு. சனிக்கிழமை அதற்கும் கன்று செத்துப் பிறந்தது.

“கன்னு இல்லாத மாட்ட வெச்சு என்ன பண்ண? திங்கக்கெழம கசாப்பு லாரில ஏத்திவிடப் போறேன்,” என்றார், கடையில் பார்த்தபோது.

“அப்புறம் காலைல எதுக்கு எந்திரிப்பீங்க?”

“அதத்தான் நானும் யோசிக்கிறேன், ப்ரீடா.”

ஞாயிறு விடியும்போது ப்ரீடாவின் கறுப்புப் பசு இரட்டை ஈன்றது. அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு கன்றை மாலகியிடம் நேரில் கொடுத்தால் பணத்தை நீட்டுவார். அவள் வாங்காவிட்டால் கன்றைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். அந்தப் பிடிவாதம் அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையை அவள் தவறவிட்டதே இல்லை. அன்று தவறவிட்டாள். ஊரும் மாலகியும் கோயிலில் இருந்த நேரத்தில், இரட்டையில் ஒன்றைத் தோளில் சுமந்து போய், அவர் கொட்டிலின் மூலையில் சாக்கு மூடிக் கிடந்த செத்த கன்றின் அருகே மண்டியிட்டாள். என்றோ பார்த்த வேலையைக் கை மறக்கவில்லை. தோலை உரித்து, தான் கொண்டுவந்த கன்றுக்கு மாட்டி, சணலை முடிந்தாள். பசு மோந்தது. உதைத்தது. மறுபடி மோந்தது. பிறகு நக்கியது. மடியைக் கண்டுபிடித்த கன்றின் வால் ஆடத் தொடங்கியது.

கார்கள் திரும்பும் முன் கல்சுவரைத் தாண்டி வீடு வந்தாள். கறுப்புப் பசு ஒரு கன்றை நக்கிக்கொண்டே தலையை நிமிர்த்தி, அவளுக்குப் பின்னாலும் ஒரு முறை எட்டிப் பார்த்தது.

“மன்னிச்சுக்கம்மா,” என்று இரண்டு கை தீவனம் கூடுதலாக அள்ளி வைத்தாள் ப்ரீடா.