பீடி நேரம்

பீடியை விட்டு இன்று பதினேழாவது நாள். கிராம்பைக் கடித்துக் கடித்து நாக்கு மரத்துவிட்டது. கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. சட்டைப் பையைத் தடவுகிறது, காது இடுக்கைத் தடவுகிறது. அங்கே ஒன்றும் இல்லை என்று இந்தச் சனியன் பிடித்த கைக்கு எத்தனை தடவைதான் சொல்வது!

வலது கால் கட்டைவிரல் கறுத்துப்போய்விட்டது. “ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. இனியும் பீடி குடிச்சா முட்டுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும்” என்றார் டாக்டர். ஒற்றைக் காலோடு எந்தக் கொத்தனார் சாரம் ஏறுவான்? அன்றைக்கே பீடிக்கட்டைக் கரமனை ஆற்றில் வீசினேன். ஊரில் இருக்கும் என் வீட்டுக்காரி மாடம்மாள் தினமும் மத்தியானம் போன் போட்டு விசாரிக்கிறாள்.

ஆசைப்பட்டுப் பிடித்த பழக்கமா இது? இருபது வயதில் திருவனந்தபுரம் வந்து கல் சுமந்தேன். பீடி குடிக்கிறவன் வேலைக்கு நடுவில் உட்காரலாம், மேஸ்திரி ஒன்றும் சொல்லமாட்டார். குடிக்காத நான் உட்கார்ந்தால், “சும்மாதானே இருக்கே? எந்திரி.” மூன்றாம் நாளே ஒரு கட்டு வாங்கிவிட்டேன். முப்பது வருஷமாகியும் அந்தச் சட்டம் மாறவில்லை.

இன்று காலையிலிருந்தே கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. பத்து நிமிஷம் உட்கார்ந்தால் விட்டுவிடும். மத்தியானம் நெருங்கும்போது மணல் குவியலில் உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் அனீஷ் வந்துவிட்டான்.

“எந்தா நயினாரண்ணா, சும்மா இரிக்குன்னோ?”

“கால் வலி அனீஷு. ஒரு பத்து நிமிஷம்...”

“கால் வலியெங்கில் லீவு எடுக்கணும். பணிக்கு வந்தா பணி செய்யணும்.”

அவன் முதுகுக்குப் பின்னால் நான்கு பேர் கால் நீட்டிப் புகை விட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துபோய்ச் சாரத்தில் இரண்டு படி ஏறினேன். மூன்றாவது படிக்குக் கால் வரவில்லை.

நொண்டிக்கொண்டே போய், புகைத்துக்கொண்டிருந்த செல்வமணி பக்கத்தில் உட்கார்ந்தேன். “ஒண்ணு குடுலே. பத்த வைக்கமாட்டேன், சும்மா வாயில வச்சுக்கிடுதேன்.”

கொடுத்தான். அனீஷ் திரும்பிப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். செல்வமணி பழக்கதோஷத்தில் தீக்குச்சியை உரசி நீட்டினான். என் தலை தானாகக் குனிந்தது.

பாதி பீடியில் போன் அடித்தது. மாடம்மாள்தான்.

“பீடியத் தொடலல்லா? கால் எப்பிடி இருக்கு?”

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன்.

“இப்ப வலியே இல்ல பிள்ளே.”

அது பொய் இல்லை.