இனிமேதான் எழுதணும்

முதுகுக்குப் பின்னால் அவர் மூன்றாவது தலையணையைச் செருகும்போது, "இன்னும் கொஞ்சம் நிமித்துங்க. படுத்துக்கிட்டே பதில் சொன்னா மதிக்க மாட்டாங்க," என்றாள் மனைவி.

நிமிர்த்தினார். லிப்ட் பழுது பார்க்கிறவர். கனமானதைத் தூக்கித்தான் அவருக்குப் பழக்கம். இவ்வளவு லேசானதை எங்கே பிடிப்பதென்று தெரியாமல் கை தடுமாறியது.

சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியே காலத்தை ஓட்டியவள். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும்; அவரும் அப்படித்தான். ஐம்பது தாண்டியபின் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தாள். பேச ஆரம்பிக்கிற குழந்தை 'வேண்டாம்', 'மாட்டேன்', 'இல்ல' என்ற மூன்று சொல்லையும் எப்படிப் பிரித்துக் கற்றுக்கொள்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. தகுதித் தேர்வில் தேறினால்தான் ஆய்வேடு எழுதவே விடுவார்கள். அதற்குள் நோய் முந்திக்கொண்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அதனால் இன்று தேர்வு வீட்டுக்கே வந்திருந்தது.

கூடத்தில் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை அவரை ஓரமாக அழைத்துப் போனாள். "சார், நாங்க பேசி வெச்சிட்டோம். சும்மா ரெண்டு கேள்வி கேட்டுட்டு பாஸ்னு சொல்லிடுறோம். அவங்களக் கஷ்டப்படுத்த வேண்டாம்."

அவர் தலையாட்டினார். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரிதான் இருந்தது.

இரண்டு பேராசிரியர்கள் பேராசிரியையோடு கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நெட்டையானவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கத்தரி. அவர் தலையை நிமிர்த்தாமலே, "இந்தத் தலைப்பு உங்களுக்கு எப்படித் தோணுச்சு டீச்சர்?" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள்.

"எல்லாரையும் இதத்தான் கேப்பீங்களா சார்? போன வருஷம் ஒரு பையன் உங்ககிட்டேருந்து வேர்த்து விறுவிறுத்து வெளிய வந்தான். எனக்கும் அப்படியே கேளுங்க."

கத்தரி பேராசிரியையைப் பார்த்தார். பேராசிரியை கணவரைப் பார்த்தாள். மனைவியும் அவரைத்தான் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்ட பார்வை.

"கேளுங்க சார்," என்றார் அவர். "ஒரு மாசமா என்னைக் கேள்வி கேக்கச் சொல்லி உயிர வாங்கிட்டா."

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் சிரித்தாள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் மூச்சு விட்டார்கள்.

அதற்குப் பிறகு கத்தரி பெயருக்கேற்றபடி வெட்டினார். அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நடுவில் மூச்சு முட்டியபோது கணவர் தண்ணீரைக் கரண்டியால் புகட்டினார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

கடைசியாகக் கத்தரி கேட்டார்: "அறையில தேடிப் பாத்துட்டு ஒரு குழந்தை 'அம்மா இல்ல'ங்குது. அம்மா வேற எங்கயோ இருக்கான்னு தெரிஞ்சு சொல்லுதா? இல்லாமலே போயிட்டான்னு நெனச்சுச் சொல்லுதா?"

கேட்டு முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். கணவர் கையில் கரண்டி அப்படியே நின்றது.

அவள் கண்ணை மூடி யோசித்தாள்.

"தெரியல சார். ரெண்டுக்கும் அதே சொல்தான். முகம் மட்டும் மாறுதுன்னு நெனக்கிறேன். ஆனா அது என் நெனப்பு, ஆதாரம் இல்ல. சரியாப் பாக்கணும்னா இன்னும் ரெண்டு வருஷமாவது வேணும்."

அந்த ரெண்டு வருஷத்தை அவள் வெகு சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்போ அதத்தான் எழுதணும் நீங்க," என்றார் கத்தரி.

கூடத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். "இன்னைலேருந்து நீங்க ஆய்வேடு எழுதலாம்," என்றாள் பேராசிரியை. கத்தரி கட்டிலருகே குனிந்து, "விட்டுக்கொடுத்து பாஸ் போடல டீச்சர்," என்று மட்டும் சொன்னார்.

எல்லோரும் போனபின் அவர் கேட்டார். "அப்போ இனி நீ டாக்டரா?"

"இல்லங்க. இனிமேதான் எழுதணும்."

"இவ்வளவு பாடும் ஆரம்பிக்கிறதுக்குத்தானா?"

"ஆமா." சிரிப்பு இருமலாக மாறியது. நெஞ்சை நீவிவிட்டார். அடங்கியதும், "முதல் அத்தியாயத்த எதுல ஆரம்பிக்கலாம்?" என்றாள்.

"'வேண்டாம்'ல ஆரம்பி. அதுதான் முதல்ல வருது."

"ஆதாரம்?"

"நம்ம பொண்ணு."

அதை ஒத்துக்கொள்கிற மாதிரி அவர் விரலை அழுத்தினாள். அப்படியே தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை முழுக்க அவள் கண் திறக்கவில்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே வந்தது. ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்ததற்காக அவர் காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்தும் அது வரவில்லை. பிறகு போர்வையை இழுத்து அவள் பாதங்களை மூடினார்.

பிற்பகலில் பேராசிரியை வந்து கால்மாட்டில் உட்கார்ந்தாள். மகள் ரயிலில் வந்துகொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் விட்டிருக்க வேண்டும். பிள்ளைகளின் கூச்சல் தெருமுனையிலிருந்து கிளம்பி, வரவரப் பெருகி, அறைக்குள் வந்து நிறைந்தது. பேராசிரியை சங்கடத்தோடு எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாள்.

"இருக்கட்டும்மா," என்றார் அவர்.

அவள் ஜன்னல் கதவிலிருந்து கையை எடுத்தாள். கீழே தெருவில் ஒரு பிள்ளை மற்றவர்களை நிற்கச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடியது.