விரல் விட்ட நாற்பத்தொன்பது

என் மூளைக்கு மணிக்கு இருநூறு என்று விலை சொன்னார்கள். பஸ் காசையும் சேர்த்து இருநூற்றிருபதுக்குப் படிய வைத்தேன். பயணப் பெட்டி விற்கிறவன் தன் தலையை மட்டும் அடிமாட்டு விலைக்கா கொடுப்பான்?

உண்மையில் காசுக்காகப் போகவில்லை. மறுநாள் காலை இந்த ஊர் மொழியில் எனக்கு வாய்மொழித் தேர்வு. இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று, மூன்றாவதுதான் கடைசி. தேறினால் மனைவியும் மகளும் இங்கே வரலாம். வேற்றுமொழி வாக்கியம் மூளைக்குள் எப்படி ஓடுகிறது என்று பல்கலைக்கழகத்தில் அளக்கிறார்களாம். என் தலையில் சரக்கு இருக்கிறதா என்று யாராவது எடை போட்டுச் சொன்னால் தேவலை என்றிருந்தது. கடையில் விலையும் விரலும் போதும். முழு வாக்கியம் கேட்கிற வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை.

நம் மொழி பேசும் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி என் தலையில் துணித்தொப்பியை மாட்டி, ஓட்டைக்கு ஓட்டை பசை வைத்து ஒயர் செருகினாள்; மூளையின் ஓட்டம் அவள் கணினியில் கோடு கோடாக ஓடியது. என் எதிரே இருந்த திரையில் வாக்கியங்கள் ஒவ்வொரு சொல்லாக வந்து போயின. சரி என்றால் வலது பொத்தான், தப்பு என்றால் இடது.

“காலாட்டாதீங்கண்ணா. கோடெல்லாம் ஆடுது.”

“கால் என் பேச்சக் கேட்டா நான் ஏம்மா இங்க வரேன்?”

முடிந்தும் நான் எழுந்திருக்கவில்லை, என் தலை தேறியதா என்று கேட்டேன். “ஒரு ஆள வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணா” என்று மறுத்தவள், அரை மணி நேர நச்சரிப்புக்குப் பிறகு இறங்கி வந்தாள்.

“தப்பு வாக்கியம் எண்பது. உங்க விரல் பிடிச்சது முப்பத்தொண்ணு.”

“மிச்சம்?”

“நாப்பத்தொம்பதையும் சரின்னு அமுக்கிட்டீங்க. ஆனா அதுக்கு மட்டும் தனியா கோடு போட்டுப் பாத்தேன்.” திரையைத் திருப்பினாள். தப்பான சொல் வந்த இடத்தில் கோடு சின்னதாக ஒரு குதி குதித்திருந்தது. “உள்ள ஏதோ உறுத்தியிருக்கு. விரலுக்குச் சேதி வரல.”

“அப்ப உள்ள ஒருத்தன் சரக்கப் பதுக்கி வச்சுக்கிட்டு எனக்கே இல்லங்கறானா?”

“அப்படி எழுதினா என் புரொபசர் என்னத் துரத்திடுவார்.”

மனைவியிடம் போனில் சொன்னேன். “உள்ள இருக்கறவருக்கா விசா தருவாங்க? அவர வாயத் தொறக்கச் சொல்லுங்க” என்றாள். எந்தப் பெட்டியில் எதை வைப்பது என்று மகள் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காலையில் தேர்வறையில் பிடரியைச் சொறிந்தபோது, காய்ந்த பசைத் துணுக்கு ஒன்று மேசையில் விழுந்தது. அதிகாரி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார். வாயைத் திறந்தேன். நாலாவது சொல்லில், செருப்புக்குள் கல் போல ஏதோ உறுத்தியது. வழக்கமாக அந்த இடத்தில் வேகமெடுத்துத் தாண்டி ஓடிவிடுவேன். நிறுத்தினேன். அவர் பேனாவும் நின்றது. அந்த வாக்கியத்தை முதலிலிருந்து தொடங்கி, மாற்றிச் சொல்லி முடித்தேன்.

மீதி நாற்பத்தெட்டு.