கொச்சி பஸ்ஸுல ஜன்னல் சீட்டு யாருக்கு

"பேரு மதன். வயசு இருபத்தி மூணு. இருக்குறது கொடைக்கானல், வட்டக்கானல்ல ஒரு கெஸ்ட் அவுஸ்."

இப்படித்தான் ஆரம்பிச்சான். லீலா கீபோர்டுலருந்து கைய எடுத்துட்டா.

"ஏலே, உங்கம்மாவுக்குத்தான லெட்டரு? பெத்தவகிட்டப் போயி பேரு வயசெல்லாம் சொல்லுற? தாலுகா ஆபீசு மனுவாடா இது?"

"இருக்கட்டும்க்கா. வேல கேட்டு வேல கேட்டுப் பழகிப் போச்சு. அதுல ஆரம்பிச்சாத்தான் வாயி வருது."

கொடைக்கானல் ஏழுரோட்டு முக்குப் பக்கத்துச் சந்துல லீலாவோட கடை. ஒரு கம்ப்யூட்டரு, ஒரு பிரிண்டரு, எஸ்.டி.டி. பூத்து, அவ்வளவுதான். சீசன் முடிஞ்சு ஜூன் மாச மழை பிடிச்சிருந்துச்சு. மதன் வட்டக்கானல்லருந்து நனைஞ்சுக்கிட்டே நடந்து வந்திருந்தான். சோத்துக்கையில துணி சுத்தியிருந்துச்சு. பாய்லர் ஆவி அடிச்சு வெந்து பொத்துப் போனது. மே மாசம் பூரா நாளைக்கு நாலு மணி நேரம் மட்டும் தூங்குனவனுக்கு, சேர்ல உக்காந்ததும் கண்ணு தானா சொருகுச்சு.

"ஏன் உங்கையால எழுதலன்னு வீட்டுல கேக்க மாட்டாங்களா?"

"கம்ப்யூட்டர்ல அடிச்சா மரியாதையா இருக்கும்னு போடுங்க. கையப் பத்தி ஒரு வார்த்த வரக்கூடாது. அம்மா கேட்டா, என்னை மலைக்கு அனுப்புன பாவம்னு அப்பா தலையில போட்டுரும்."

வெவகாரமே அதுதான். மதனோட அப்பா சுப்புராஜுக்கு பழனி பக்கம் பாலசமுத்திரத்துல தென்னந்தோப்புச் சோலி. போன வருசம் மதனோட அம்மா வீரம்மா, தங்கச்சி வீட்டுக்குன்னு மூணு நாளு போயிருந்துச்சு. அந்த மூணு நாள்ல ஆளப் பிடிச்சு, வேலையப் பேசி, மகன வெள்ளனே மொத பஸ்ஸுல மலைக்கு ஏத்தி விட்டுட்டாரு சுப்புராஜ். வீரம்மா திரும்பி வந்து பாத்தா வீட்டுல பிள்ளையில்ல. அன்னைக்கு மூடுன வாயிதான், புருசன்கிட்ட பதினோரு மாசமா ஒரு பேச்சு இல்ல.

இவ்வளவு நாளும் ரெண்டு பேருக்கும் நடுவுல தந்தி மாதிரி ஓடுனவ மதனோட தங்கச்சி சுதாராணி. அவளும் வைகாசியில கல்யாணமாகி ஒட்டன்சத்திரம் போயிட்டா. போன வாரம் இதே பூத்துக்குத்தான் போன் பண்ணுனா. "அண்ணே, அம்மா சோத்தப் போட்டு வச்சுட்டு ஆட்டுக்குட்டிகிட்ட 'ஆறிப் போகுதாம்'னு சொல்லுது. அப்பா அதே குட்டிகிட்ட 'பசிக்கல'ங்கிறாரு"ன்னு சொல்லிச் சிரிச்சா. சிரிச்சு முடிக்கையில மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு.

அதுக்குப் பிறகுதான் மதன் ஓனர்கிட்ட மூணு நாள் லீவு கேட்டு வாங்குனான். ரெண்டு பேரையும் கொச்சிக்குக் கூட்டிட்டுப் போயி கடலக் காட்டணும், நல்லா சாப்பிட வைக்கணும், எப்படியாவது பேச வைக்கணும். ராத்திரி பகலா யோசிச்சு வச்சதத்தான் இப்பச் சொல்ல ஆரம்பிச்சான்.

"பழனியில ஏறி, பொள்ளாச்சி, திருச்சூரு, எர்ணாகுளம். அம்மாவுக்கு பஸ்ஸு ஒத்துக்காது, ஜன்னல் சீட்டு. பக்கத்துல அப்பா. நான் டிரைவர் பக்கம் போயி உக்காந்துக்குவேன்."

"நீ எதுக்கு அங்க?"

"நடுவுல நான் இருந்தா, என்னைய ஆட்டுக்குட்டி ஆக்கிருவாங்கக்கா."

லீலா சிரிச்சுக்கிட்டே அடிச்சா. பொறவு நிப்பாட்டுனா. அவ அக்காவக் கட்டிக்குடுத்தது எர்ணாகுளத்துல.

"தம்பி, கேரளா பஸ்ஸுல பொம்பளைங்க முன்னாடி, ஆம்பளைங்க பின்னாடி. திருச்சூருலருந்து உங்கம்மா ஒரு கோடி, உங்கப்பா ஒரு கோடி."

மதன் அடுத்ததுக்குத் தாவுனான். "சரி. போட்டுல ஏறுனா எறங்கி ஓட முடியாதுல்ல? எர்ணாகுளம் படகுத்துறையிலருந்து போட்டு."

"ஜூன் மாசத்துலயா? எங்கக்கா வீட்டுல துணி காஞ்சு பத்து நாளாச்சாம். மழையில உங்கம்மா போட்டுல ஏறுமா?"

"மீனு சாப்பாடு?"

"பெரிய போட்டெல்லாம் இப்ப கரையிலதான் கெடக்கும், மீன்பிடி தடை. ஐஸ்ல போட்ட மீனத் திங்கவா அம்புட்டுத் தூரம் போறீங்க?"

சீசன் முடிஞ்சாத்தான் கொடைக்கானல்காரனுக்கு லீவு. ஊரு ஒலகமெல்லாம் அவன் லீவுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்னு நெனச்சுட்டான். மதனுக்குக் கையி விண்ணு விண்ணுன்னு தெறிச்சுச்சு. கடைசியா வச்சிருந்ததையும் எடுத்து விட்டான்.

"ஓட்டல் வாசல்ல எனக்கு வயித்த வலின்னு சொல்லி நின்னுக்குவேன்க்கா. அவங்க ரெண்டு பேரும் மட்டும் உள்ள போவாங்க. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பாதான் மெனு கார்டப் பாத்து, 'உனக்கு என்ன வேணும்'னு கேட்டாகணும். கேக்காம முடியாது."

"அடப்பாவி, நல்லாத்தான் யோசிச்சிருக்க. ஆனா கார்டு மலையாளத்துல இருக்குமே. உங்கப்பா என்னத்தப் படிப்பாரு? ரெண்டு பேரும் தண்ணியக் குடிச்சுட்டு வெளிய வருவாங்க."

மதன் சேர்ல சாஞ்சு கண்ண மூடிக்கிட்டான். வெளிய தகரத்துல மழை விழுந்துக்கிட்டே இருந்துச்சு.

"அழிச்சிருங்கக்கா. நான் போயித் தூங்குறேன்."

லீலா அழிக்கல. ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தா.

"ஏலே மதன். இந்த லெட்டரு யாருக்கு?"

"அம்மாவுக்கு."

"அதுக்குத்தான் படிக்கத் தெரியாதே. யாரு படிச்சுக் காட்டுவா? முன்ன யாரு படிப்பா?"

"சுதாராணி."

"இப்ப?"

மதன் கண்ணத் தொறந்தான். வீட்டுல மிச்சமிருக்கறது அப்பா ஒருத்தருதான்.

"ஆட்டுகிட்டப் படிச்சுக் காட்டிட்டாருன்னா?"ன்னு கேட்டான். அவனுக்கே சிரிப்பு வந்துருச்சு.

"காட்டட்டுமே. கேக்குறது உங்கம்மாதான. ஆனா கேட்டுட்டுப் பேசாமப் போயிரும், அதுதான் சிக்கலு."

மதன் நிமிந்து உக்காந்தான். வந்ததுலருந்து இப்பத்தான் முதுகு நிமிந்துச்சு. "எதையும் அழிக்காதீங்க. பஸ்ஸு, போட்டு, மீனு எல்லாம் அப்படியே இருக்கட்டும். என் வயித்த வலிய மட்டும் எடுத்துருங்க. கீழ இத அடிங்க: 'அம்மா, இதுல எதையும் நான் முடிவு பண்ணல. இப்பப் போகவா, மழை விட்டு ஆவணியில போகவா? கொச்சியா, தூத்துக்குடியா? மீனா, கறியா? திருச்சூருல பஸ்ஸு மாறுனா ரெண்டு பேரும் தனித்தனியா உக்காரணுமாம், சம்மதமா? ஜன்னல் சீட்டு யாருக்கு? அப்பா சொல்றத மட்டும் கேக்க மாட்டேன், நீ சொல்றத மட்டும் கேக்க மாட்டேன். ரெண்டு பேரும் பேசி ஒரே பதிலா எழுதணும். ஓனர்கிட்ட லீவு தேதிய மாத்தச் சொல்லணும், அதனால வெரசா எழுதுங்க.'"

லீலா கடகடன்னு அடிச்சா. பிரிண்ட் கொடுக்கப் போற நேரத்துல மதன் அவ கையப் பிடிச்சு நிறுத்துனான். மூஞ்சியில பழைய பயம் வந்துருச்சு.

"தபால்காரரு வேலுமணி அண்ணனுக்கு எளகுன மனசு. வாசல்லயே அம்மாவுக்குப் படிச்சுக் காட்டிட்டாருன்னா? எல்லாம் போச்சு."

"அப்ப அதையும் எழுதிரு. ஆனா அத மொத வரியிலேயே எழுதணும்ல?"

"மொதல்ல எழுதுனா எதுக்குன்னு அப்பாவுக்குச் சந்தேகம் வந்துரும். கடைசியிலயே போடுங்க."

துணி சுத்துன கைய மடியில வச்சுக்கிட்டு, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்திச் சொன்னான்:

"இதப் படிக்கிறது யாருன்னு எனக்குத் தெரியாது. வேலுமணி அண்ணனா இருந்தா, கோவிச்சுக்காம இதோட மடிச்சு எங்கப்பா கையில குடுத்துருங்க. அப்பாவா இருந்தா, அம்மா பக்கத்துல உக்காந்து, ஆரம்பத்துலருந்து இன்னொருக்கா சத்தமாப் படிங்க."