நாமளா, நாங்களா

"புதுசா வர்றவங்களுக்கு என்ன வட்டி போடறீங்களோ அதையே எனக்கும் போடுங்க சார். இல்லேன்னா கடனை வேற பாங்குக்கு மாத்திக்கிறேன்."

சொல்லிவிட்டேன். பின்னால் நின்றிருந்த அப்பா என் நாற்காலியை இறுகப் பிடித்தார். அந்தப் பிடி மரத்தின் வழியாக என் முதுகுக்குத் தெரிந்தது. மெட்ரோவில் ஏறியதிலிருந்து கோல் மார்க்கெட் வரும்வரை அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "என்ன வேணா பேசு. மாத்திக்கிறேன்னு மட்டும் சொல்லாத. சார் வீட்டுப் புள்ள பார்த்துக் குடுத்த லோன் அது."

சார் என்றால் சங்கரநாராயணன். இங்கே தலைநகரில், மத்திய அரசு மந்திராலயத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா அவருடைய பியூன். அப்போது அவர்களுக்குக் கிட்வாய் நகரில் தோட்டம் வைத்த குவார்ட்டர்ஸ், எங்களுக்குச் சரோஜினி நகரில் ஒற்றை அறை. அவருடைய மகன் அபிஷேக்தான் இப்போது எனக்கு எதிரே, வீட்டுக் கடன் மேனேஜர். அப்பா சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட பையன். அவனையும் அப்பா சார் என்றுதான் கூப்பிடுகிறார்.

அப்பா ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னபோது, எங்கள் வம்சத்தின் முதல் பட்டதாரியான நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஷாலிமார் கார்டனில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அபிஷேக் கடன் போட்டுக் கொடுத்தார். சட்டப்படி வரவேண்டிய கடன்தான், ஆனால் அப்பாவுக்கு அது பிச்சை. ஒவ்வொரு தீபாவளிக்கும் பழத்தட்டோடு சார் வீட்டுக்குப் போய், வாசலிலேயே கொடுத்துவிட்டு வருவார்.

என்னோடு வேலை பார்க்கும் மாதுரி போன மாதம் இதே கிளையில் கடன் வாங்கினாள். அவளுக்கு என்னைவிட ஒரு சதவீதத்துக்கும் மேல் குறைவு. ஒரு தவணைகூடத் தவறாதவளுக்கு அதிகம், நேற்று வந்தவளுக்குக் குறைவு. பழைய ஆட்களுக்குத் தானாகக் குறைக்க மாட்டார்கள், வாயைத் திறந்து கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத வித்தை அது.

அபிஷேக் சிரித்தார். மதி என்ற என் பேர் அவர் வாயில் எப்போதும் மது. "அரே மது! எதுக்கு இவ்ளோ குஸ்ஸா, இவ்ளோ கோவம்? பூவராகவன், நீங்க உக்காருங்கோ."

"பரவால்ல சார், நிக்கிறேன்" என்றார் அப்பா. காலியாக இருந்த நாற்காலியைப் பார்க்கக்கூட இல்லை.

"மாத்திக்கோ, அது உன் ரைட்" என்றார் அபிஷேக், கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் கொஞ்சம் திருப்பி. "ஆனா வேற பாங்க்ல எல்லாத்தையும் புதுசாக் கேப்பா. உன் நௌக்ரி இப்ப பக்கா இல்லையே? கான்ட்ராக்ட்தானே?"

இதை நான் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்குத்தான் தெரியும். திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். பழத்தட்டோடு போன இடத்தில் இதையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"அவா முடியாதுன்னு சொல்லிட்டா, நாளைக்கு இங்கயும் உன் ஃபைலைப் பாக்கச் சொல்லுவா. நான் சொல்லலை மது. சிஸ்டம்."

எங்கள் வீட்டுக்குக் கீழ் மாடியில் ஒரு கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்த வீட்டு அம்மா அதை மறைக்க அதன்மேல் சாமி காலண்டரை மாட்டினாள். காற்றடித்தால் காலண்டர் தூக்கும், நோட்டீஸ் தெரியும். ஒரு நாள் காலண்டரும் இல்லை, அவர்களும் இல்லை. அதிலிருந்து அம்மா மாடி ஏறும்போது அந்தக் கதவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏறுகிறாள். இப்போது என் கண்ணுக்கு எங்கள் கதவுதான் தெரிந்தது. கைகளை மேஜைக்கடியில் கோத்துக்கொண்டேன்.

"பயப்படாதே" என்றார் அபிஷேக், நான் பயப்படுவது நன்றாகத் தெரிந்த குரலில். "வட்டியைக் குறைச்சுத் தரேன். உன் ஃப்ரெண்டுக்குப் போட்டதைவிடக் கம்மி, இன்னிக்கே. ஒரு சின்ன காரியம் மட்டும் செய்யணும்."

"என்ன?"

"நொய்டா எக்ஸ்டென்ஷன்ல அப்பா ஒரு ஃப்ளாட் பாத்திருக்கார். வாடகைக்கு விட்டுட்டு, வெலை ஏறினதும் வித்துடலாம்னு. அவர் வயசுக்கு லோன் கிடைக்காது. என் பேர்ல ஏற்கனவே ரெண்டு ஓடறது. உன் பேர்ல எடுத்துடலாம். செக்யூரிட்டிக்கு உன் வீட்டையும் சேத்துண்டா போறும், பத்திரம்தான் இங்கயே இருக்கே."

"என் வேலை கான்ட்ராக்ட் ஆச்சே சார்?"

"நான் இருக்கேனே. வர வாடகையையும் உன் வருமானமாக் காட்டிடலாம்."

வட்டியைக் குறைக்கக் கேட்டால் கான்ட்ராக்ட் ஓட்டை. இன்னொரு கடனைத் தலையில் கட்டினால் ஓட்டை தானே அடைந்துகொள்கிறது.

"தவணையெல்லாம் நாம கட்டிடுவோம். வாடகையை நாம வாங்கிப்போம். அப்புறம் நாம வித்துடுவோம். நாமெல்லாம் ஒரு குடும்பம் மாதிரிதானே?"

என் முதுகுக்குப் பின்னால் அப்பாவின் பிடி தளர்ந்தது. குனிந்து என் காதருகில் வந்தார். மூச்சு சூடாக இருந்தது.

"கேட்டியா மதி? 'நாம'ங்கறாரு."

திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பகீரென்றது. அவ்வளவு காலம் அந்த வீட்டுக்குப் பால் வாங்கி, பிள்ளையைச் சுமந்து, அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி முடிந்து இலை எடுக்கும்வரை நின்றவர். அந்த வீட்டு வாயிலிருந்து 'நாம' என்று ஒரு சொல் தன்னையும் சேர்த்து வந்ததாக அவர் கேட்டதே இல்லை. இன்று கேட்டுவிட்டார். இனி எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் என்னைப் போட வைப்பார்.

ஆனால் எனக்கு அபிஷேக்கின் தமிழ் தெரியும். இந்தியில் யோசித்துத் தமிழில் பேசுகிறவர். இந்தியில் நாம, நாங்க இரண்டுக்கும் ஒரே 'ஹம்'. கேட்கிற ஆள் அதற்குள் உண்டா இல்லையா என்று அந்தச் சொல் சொல்லாது. தமிழ் சொல்லும். அப்பாவின் சொந்த ஊரான ஸ்ரீமுஷ்ணத்துத் தமிழில் அது பிசகவே பிசகாது.

அபிஷேக்கின் பக்கம் திரும்பினேன். "சார், நாமளா, நாங்களா?"

"க்யா?"

"வாடகை வாங்கறது. அதுல எங்கப்பாவும் உண்டா?"

"அதெப்படி? ஃப்ளாட் எங்க அப்பாவோடதாச்சே." சிரித்தார்.

"வித்தா வர்ற காசு?"

"அதுவும் எங்களோடதுதான். நீ க்ராமர் டீச்சர் ஆயிட்டியா மது? நாம, நாங்க, எல்லாம் ஒண்ணுதானே."

"ஒண்ணு இல்ல சார். தவணை கட்டாம நின்னுபோனா?"

"நிக்காது."

"நின்னா? நோட்டீஸ் யாரு கதவுல ஒட்டுவாங்க?"

அவர் பேனா மூடியைத் திறந்து மூடினார். "பேப்பர்ல உன் பேர் இருக்கும், ஸோ... அப்ப நாம பாத்துக்கலாம்."

அந்த ஒரு 'நாம' மட்டும் சரியான தமிழ். அதில் நான் இருந்தேன். அப்பா, அம்மா, மூன்றாவது மாடி, எல்லாரும் இருந்தோம்.

அப்பாவைப் பார்த்தேன். புரிந்ததா, புரிய வேண்டாமென்று இருக்கிறாரா, தெரியவில்லை. கை மட்டும் மறுபடி நாற்காலியை இறுக்கியது.

"மதி, எதுத்துப் பேசாதம்மா" என்றார் மெல்ல. "ஊட்டப் புடுங்கிட்டாங்கன்னா இந்த ஊர்ல எங்க போவோம்?"

லக்ஷ்மி நகரில் இன்னொரு வங்கியில் கான்ட்ராக்ட் என்று உள்ளதைச் சொல்லிக் கேட்டிருந்தேன். பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் என்ன என்று எல்லா மொழியிலும் எனக்குத் தெரியும். அங்கே முடியாதென்றால் இதே வட்டியில் இதே தவணையைக் கட்டிச் சாக வேண்டியதுதான். சாகலாம். அது என் கடன்.

எழுந்தேன்.

"கடனை முடிக்க எவ்வளவு ஆகும்னு எழுத்துல குடுங்க சார். எங்க பத்திரம் எதெது உங்ககிட்ட இருக்குன்னும் எழுதிக் குடுங்க. மெயில்லயும் கேட்டு அனுப்பறேன், பதில் வந்தாகணும்ல."

அபிஷேக்கின் முகத்தில் சிரிப்பு இல்லை. "சோச் லே மது, நன்னா யோசிச்சுக்கோ. வெளில போயிட்டா அப்புறம் நான் ஹெல்ப் பண்ண முடியாது. பூவராகவன், நீங்களாவது சொல்லுங்கோ."

அப்பா இரண்டு கையையும் கூப்பினார். அவரை நோக்கித்தானா, என்னை நோக்கியா, நான் நின்று பார்க்கவில்லை. பார்த்தால் உட்கார்ந்துவிடுவேன்.

எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் வர்றோம் என்றுதான் சொல்ல வேண்டும், போறோம் என்று வாயில் வரக் கூடாது என்று அம்மா அடித்து வளர்த்தாள்.

"நாங்க போறோம் சார்."

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கினேன். அப்பா பின்னால் வருகிறாரா என்று திரும்பவில்லை. நாங்க என்று சொல்லியாகிவிட்டது. வந்துதான் ஆக வேண்டும்.